3 கிலோ 75 கிராம் என்றால் 3.75 கிலோ இல்லையாமே?

ஆச்சிவீட்டுமுற்றம் எழுதியது:

பையன் ஆறாம் வகுப்பு, பாளையங்கோட்டையில் படிக்கிறான். நேற்றுச் சாயங்காலம் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டுப் பேசாமல் விளையாடப் போய்விட்டான். திறந்து பார்த்தால் பக்கம் முழுக்கச் சிவப்பு மை. 3 கிலோ 75 கிராமைக் கிலோகிராமில் எழுது என்பது கேள்வி. அவன் 3.75 என்று எழுதியிருக்கிறான், அதை அடித்துவிட்டு 3.075 என்று போட்டிருக்கிறார்கள். ஏன் என்று ஒரு வரி கிடையாது. 5 கிராம் எத்தனை மில்லிகிராம் என்பதற்கு 500, தப்பு. 2 குவிண்டால் எத்தனை கிலோ என்பதற்கு 2000, அதுவும் தப்பு.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதல் கணக்கில் எனக்கும் 3.75தான் சரியாகப் பட்டது. பி.காம். படித்தவள் நான்! வீட்டுக்காரரைக் கேட்டால் "புள்ளியைத் தள்ளினால் முடிந்தது" என்கிறார். எந்தப் பக்கம் தள்ள, எத்தனை இடம் தள்ள என்று கேட்பதற்குள் அவருக்கு ஃபோன் வந்துவிட்டது. விடை எனக்கு வேண்டாம், அது நோட்டிலேயே இருக்கிறது. அவனுக்கு எப்படிப் புரியவைப்பது என்றுதான் கேட்கிறேன்.

பேட்டைக்காரன் எழுதியது:

இதில் என்ன இருக்கிறது அக்கா. 1 கிலோ 1000 கிராம். 75-ஐ 1000-ஆல் வகுத்தால் 0.075, அதை 3-உடன் கூட்டினால் 3.075. நீங்கள் 3.75 என்று எழுதினால் அது 3 கிலோ 750 கிராம், அதாவது 675 கிராம் சும்மா கூடிவிடுகிறது.

எங்களுக்குப் பள்ளியில் படிக்கட்டு வரைந்து சொல்லித்தந்தார்கள். உச்சியில் கிலோகிராம், அப்புறம் ஹெக்டோகிராம், டெக்காகிராம், கிராம், டெசிகிராம், சென்டிகிராம், கடைசிப் படியில் மில்லிகிராம். ஒரு படி இறங்கினால் பத்தால் பெருக்கு, ஏறினால் பத்தால் வகு. கிலோவிலிருந்து கிராமுக்கு மூன்று படி இறக்கம், மூன்று சுழி. கிராமிலிருந்து மில்லிகிராமுக்கு இன்னும் மூன்று படி. படத்தை வரைந்து சுவரில் ஒட்டுங்கள், ஒரு வாரத்தில் வந்துவிடும்.

பச்சைமிளகாமண்டி எழுதியது:

படிக்கட்டு எல்லாம் பரீட்சைக்குத்தான் தம்பி. பாவூர்சத்திரம் பக்கம் கமிஷன் மண்டியில் இருபது வருஷமாகச் சிட்டை எழுதுகிறேன், ஒரு நாள்கூட ஹெக்டோகிராம் என்று யாரும் என்னிடம் வந்து நின்றதில்லை. 100 கிராம் வேண்டுமென்றால் "நூறு கொடுங்க" என்பார்கள், அவ்வளவுதான். நடைமுறையில் இருப்பது மில்லிகிராம், கிராம், கிலோ, டன். நாலுக்கும் நடுவில் ஆயிரம் ஆயிரமாக இடைவெளி. இந்தக் குவிண்டால்தான் ஆயிரத்து வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த நூறு மாப்பிள்ளை. 100 கிலோ ஒரு குவிண்டால், 10 குவிண்டால் ஒரு டன். உங்கள் பையன் எல்லாமே ஆயிரம் என்று நினைத்து அதை 2000 ஆக்கிவிட்டான், பாவம், அதில் அவன் தப்பு பாதிதான்.

எங்கள் மண்டியிலேயே இதே 3.75 வம்பு நடந்திருக்கிறது. புதிதாக வந்த பையன், மூட்டை எடை 42 கிலோ 50 கிராம் என்று நான் கூவினால் சிட்டையில் 42.50 என்று எழுதுவான். கணக்குப்பிள்ளை அதை 42 கிலோ 500 கிராம் என்று படித்துப் பணம் போட்டுவிட்டார். மூட்டைக்கு 450 கிராம். அன்றைக்கு ஏழெட்டு மூட்டையில் அப்படி ஆகியிருந்தது, ராத்திரி கணக்கு ஒட்டாமல் பத்தரை மணிவரை உட்கார்ந்து பிடித்தோம். அதிலிருந்து எங்கள் சிட்டையில் புள்ளியே கிடையாது, கோடு போட்டு 42-050 என்று எழுத வேண்டும். கோட்டுக்குப் பிறகு மூன்று எழுத்து இல்லாவிட்டால் சிட்டை திரும்பிவிடும்.

ஆச்சிவீட்டுமுற்றம் எழுதியது:

அண்ணாச்சி, அந்தக் கோடு நல்லா இருக்கு. ஆனால் ஏன் எனக்கும் அவனுக்கும் ஒரே மாதிரி 3.75 என்று தோன்றியது? இரண்டு பேரும் சேர்ந்து முட்டாளாக இருக்க முடியாதே.

சாக்பீஸ் எழுதியது:

முட்டாள்தனம் இல்லை அம்மா. முப்பத்தொரு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் சொல்கிறேன், இந்தத் தப்பு எல்லா வருஷமும் வகுப்பில் பாதிப் பேர் செய்வார்கள், நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான் அதிகம் செய்யும். காரணம் காசு.

பிள்ளை முதலில் கற்றுக்கொண்ட புள்ளி எது? ரூபாய். 3 ரூபாய் 75 பைசா என்றால் 3.75, அதில் எந்தக் குழப்பமும் இல்லை. ரூபாய்க்கு 100 பைசா, புள்ளிக்குப் பின்னால் இரண்டு நாற்காலி, 75 வந்து இரண்டிலும் உட்கார்ந்துவிட்டது. பிறகு மீட்டர், சென்டிமீட்டர், அங்கேயும் நூறு, அங்கேயும் இரண்டு நாற்காலி. இரண்டு இடத்தில் சரியாக வந்த பழக்கத்தை மூன்றாவது இடத்திலும் கொண்டுபோகிறது பிள்ளை. அங்கேதான் நாற்காலி மூன்று. 75 கிராம் வந்தால் ஆள் இரண்டு, நாற்காலி மூன்று. ஆட்கள் கடைசி நாற்காலியிலிருந்துதான் உட்கார வேண்டும், முன்னால் காலியாகக் கிடப்பதில் ஒரு சுழியைப் போட்டு மூட வேண்டும். 3 கிலோ 5 கிராம் என்றால் 3.005.

இதில் வேடிக்கை, ரூபாயே இப்படி வந்தது 1957 ஏப்ரல் 1-ம் தேதிதான். அதற்கு முன் 16 அணா ஒரு ரூபாய், அணாவுக்கு 4 பைசா. அன்றைக்கு இந்தத் தப்பைச் செய்யவே வழியில்லை, புள்ளியே இல்லையே. எடைக்கான சட்டம் 1956-ல் வந்தது, கிலோ 1958 அக்டோபரில் தொடங்கிப் படிப்படியாகக் கடைத்தெருவுக்கு வந்தது. எங்கள் அம்மா கடைசிவரை "ஒரு வீசை கத்திரிக்காய்" என்றுதான் கேட்பாள், கடைக்காரர் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைத்துப் போடுவார். வீசை ஏறத்தாழ 1.4 கிலோ, 40 பலம் ஒரு வீசை, அப்படியானால் பலம் 35 கிராம். 8 வீசை ஒரு மணங்கு, 20 மணங்கு ஒரு பாரம். இந்த 40, 8, 20 எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்திருந்த ஜனங்களுக்கு ஆயிரம் என்ற ஒரே எண் சொர்க்கம் மாதிரி இருந்திருக்க வேண்டும், ஆனால் அவர்கள் அதைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆச்சிவீட்டுமுற்றம் எழுதியது:

சார், அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ரூபாய் மாதிரி போட்டேன்" என்கிறான்! அப்படியே நீங்கள் சொன்னது.

நகைப்பட்டறை எழுதியது:

டவுனில் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் தொழிலில் இந்த நாற்காலிக்கு விலை அதிகம்.

நாங்கள் பேச்சில் மில்லிகிராம் என்று முழுசாகச் சொல்வதில்லை, "மில்லி" என்போம். தராசில் 8.040 என்று வந்தால் எட்டு கிராம் நாற்பது மில்லி. வாங்க வருகிறவர்கள் அதைப் பார்த்து "எட்டு புள்ளி நாலா?" என்பார்கள். இல்லை, எட்டு புள்ளி நாலு என்றால் எட்டு கிராம் நானூறு மில்லி. நடுவில் 360 மில்லி வித்தியாசம். கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 3,600 ரூபாய். இதைச் சொன்னால் உடனே புரிந்துவிடும், பள்ளியில் ஏன் தங்கத்தை வைத்துச் சொல்லித்தர மாட்டேன் என்கிறார்களோ.

இதைவிடப் பெரிய குழி பவுன். பவுன் 8 கிராம். (பழைய இங்கிலாந்து சவரன் நாணயம் 7.988 கிராம், அதை நாம் வழுவழுவென்று எட்டாக்கிக்கொண்டோம்.) ஒரு பவுன் இரண்டு கிராம் சங்கிலியை எத்தனை பவுன் என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் 1.2 என்பார்கள். 10 கிராமை 8-ஆல் வகுத்தால் 1.25, ஒன்றே கால் பவுன். கிராமும் மில்லியும் பத்துக் கணக்கு, பவுன் எட்டுக் கணக்கு. பவுனை விட்டுக் கிராமுக்கு வந்து முழுக்கக் கிராமிலேயே கணக்குப் போட்டுவிட்டுக் கடைசியில் பவுனுக்குத் திரும்புங்கள், தப்பாது.

வைரத்தில் இன்னொன்று. அங்கே கேரட் என்பது எடை, 200 மில்லி. தங்கத்தில் 22 கேரட் என்பது சுத்தம், எடையே கிடையாது. வைரக் கேரட்டில் நூறில் ஒரு பங்குக்குப் பெயர் சென்ட், அதாவது 2 மில்லி. நம் ஊரில் பத்து சென்ட் என்றால் வீட்டுமனை என்று நினைத்துக்கொண்டு ஒருவர் மூக்குத்தி விலையைக் கேட்டுவிட்டு என்னை முறைத்தார்.

சும்மாவந்தவன் எழுதியது:

மில்லி என்று சொன்னதும் எங்கள் செட்டில் நாலு பேர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள் அண்ணாச்சி, 180-ஆ 90-ஆ என்று கேட்கிறார்கள்.

மாத்திரைப்பெட்டி எழுதியது:

சிரிக்கிற விஷயம்தான், ஆனால் மருந்துக் கடையில் நிற்கிற எனக்கு அந்தச் சிரிப்பு வராது. மில்லி என்றால் மில்லிகிராமா மில்லிலிட்டரா என்பதுதான் எங்கள் தலைவலி.

காய்ச்சல் சிரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பாராசிட்டமால் 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ளது ஒன்று, 250 மில்லிகிராம் உள்ளது ஒன்று. 12 கிலோ பிள்ளை, கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் என்றால் 180 மில்லிகிராம். முதல் பாட்டிலில் அது 7.5 மில்லிலிட்டர், இரண்டாவதில் 3.6 மில்லிலிட்டர். பக்கத்து வீட்டில் "ஏழரை மில்லி கொடுத்தோம்" என்றார்கள் என்று இரண்டாவது பாட்டிலை எடுத்து ஏழரை ஊற்றினால் இரண்டு மடங்குக்கும் மேல் போய்விடும். கணக்கு புரிவதற்காகத்தான் இதைச் சொன்னேன், அளவு டாக்டர் சொல்வதுதான், இந்த இழையைப் பார்த்து யாரும் ஊற்றாதீர்கள்.

அடுத்தது மைக்ரோகிராம். மில்லிகிராமை ஆயிரம் துண்டாக வெட்டினால் ஒன்று. தைராய்டு மாத்திரை 50 என்றால் 50 மைக்ரோகிராம், 0.05 மில்லிகிராம். ஒரு அம்மா வந்து "போன டாக்டர் 0.05 கொடுத்தார், இவர் 50 எழுதிவிட்டார், ஆயிரம் மடங்கு கூட்டிவிட்டார்" என்று அழாத குறை. இரண்டும் ஒன்றுதான் என்று அட்டையைத் திருப்பிக் காட்டிய பிறகுதான் உட்கார்ந்தார். ஒரு விதத்தில் அவர் செய்ததுதான் சரி, எண் மாறியதைக் கவனித்தாரே. எண்ணைப் பார்க்கிற நாம் அலகைப் பார்ப்பதில்லை.

அப்புறம் வைட்டமின் டி-யில் 60,000 ஐ.யு. என்று இருக்கும். அது எடையே இல்லை, மருந்து செய்யும் வேலையின் அளவு. வைட்டமின் டி-க்கு 40 ஐ.யு. ஒரு மைக்ரோகிராம், ஆகவே 60,000 என்பது வெறும் 1.5 மில்லிகிராம். வேறு வைட்டமினுக்கு விகிதம் வேறு. அதற்குப் படிக்கட்டும் உதவாது, நாற்காலியும் உதவாது.

முக்கூடல்மழை எழுதியது:

எங்கள் வீட்டுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அம்மா பீடி சுற்றுவாள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு இலை, இவ்வளவு தூள் என்று கடையில் நிறுத்துத் தருவார்கள். நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் தூள் 225 கிராம், பீடி 1000, அப்படியானால் ஒரு பீடிக்கு எவ்வளவு என்று போட்டுப் பார்த்தேன். 0.225 கிராம். மில்லிகிராமாக்கினால் 225. அட, அதே எண்! ரொம்ப நேரம் ஏதோ மந்திரம் என்றே நினைத்தேன். ஆயிரத்துக்கு எத்தனை கிராமோ ஒன்றுக்கு அத்தனை மில்லிகிராம். ஆயிரத்தால் வகுப்பதும் கிராமை மில்லிகிராமாக்க ஆயிரத்தால் பெருக்குவதும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன.

அதே தராசில்தான் இன்னொன்றும் படித்தேன். இலை 500 கிராம் தர வேண்டும், டிஸ்பிளேயில் 0.485 என்று நிற்கும், தட்டைத் தூக்கிவிட்டு "அரைக் கிலோ சரியாப் போச்சு" என்பார்கள். 15 கிராம் என்று அம்மா பேசாமல் வந்துவிடுவாள். வாரத்துக்கு ஆறு நாள், 90 கிராம். வருஷத்துக்கு 52 வாரம், 4,680 கிராம், நாலு கிலோ அறுநூற்றெண்பது. இலை குறைந்தால் பீடி குறையும், குறைந்ததற்குக் கைக்காசு போட்டு இலை வாங்க வேண்டும். அந்த 4.680-ஐ நோட்டில் எழுதிக் காட்டியபோது அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் தட்டைத் தூக்குவதற்கு முன் "இருங்க அண்ணாச்சி, எழுத்து நிக்கட்டும்" என்றாளாம்.

பச்சைமிளகாமண்டி எழுதியது:

நல்லா கேட்டாங்க உங்க அம்மா. எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை வைக்க வேண்டும், அந்த முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக் கேட்க வாங்குகிறவருக்கு உரிமை உண்டு. இனிப்புக் கடையில் அட்டைப்பெட்டியோடு நிறுப்பதும் கூடாது, அல்வா எடைக்குத்தான் காசு, பெட்டிக்கு இல்லை.

அம்பைநெல் எழுதியது:

நெல்லைப் பற்றி யாரும் பேசவில்லையே. கொள்முதல் நிலையத்தில் விலை குவிண்டாலுக்கு, மூட்டை 40 கிலோ, விளைச்சல் பேசும்போது டன், உரம் கிலோ, மருந்து கிராம். ஒரே வயலில் உங்கள் படிக்கட்டு முழுக்க ஏறி இறங்கியாக வேண்டும். 2024-25-ல் சாதாரண ரகத்துக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய், அதாவது கிலோ 23, மூட்டை 920. (மாநில ஊக்கத்தொகை தனி.) ஏக்கருக்கு 2 டன் கண்டால் 20 குவிண்டால், 50 மூட்டை. இவ்வளவையும் என் அப்பா வரப்பில் நடந்துகொண்டே போட்டுவிடுவார், நான் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருப்பேன்.

யூரியா மூட்டை முன்பு 50 கிலோ, 2018-லிருந்து 45 கிலோ. அதில் தழைச்சத்து (நைட்ரஜன்) நூற்றுக்கு 46, ஆகவே மூட்டைக்கு 20.7 கிலோ. சிபாரிசு "தழைச்சத்து இவ்வளவு கிலோ" என்று வரும், நாம் அதையே யூரியா கிலோ என்று படித்துப் பாதிக்கும் குறைவாகப் போட்டுவிடுவோம். இது அலகு மாற்றம் இல்லை, ஆனால் தப்பு ஒரே ஜாதிதான், எண்ணுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காதது.

மண் பரிசோதனை அட்டையில் துத்தநாகம், இரும்பு எல்லாம் பி.பி.எம். என்று போட்டிருக்கும். ரொம்ப நாள் அது என்னவோ பெரிய விஞ்ஞானம் என்று பயந்திருந்தேன். 1 கிலோ மண்ணில் 1 மில்லிகிராம், அவ்வளவுதான். கிலோவை மில்லிகிராமாக்கினால் 10 லட்சம், பத்து லட்சத்தில் ஒன்று.

முக்கூடல்காரர் சொன்ன மந்திரம் நெல்லிலும் உண்டு. விதைக்காரர்கள் ரகத்தைச் சொல்லும்போது "ஆயிரம் மணி எடை" என்று ஒன்று சொல்வார்கள். எங்கள் அம்பாசமுத்திரம் ஆராய்ச்சி நிலையத்தில் வந்த அம்பை 16-க்கு அது ஏறத்தாழ 24 கிராம். அப்படியானால் ஒரு நெல் 24 மில்லிகிராம். 40 கிலோ மூட்டை 4 கோடி மில்லிகிராம், 24-ஆல் வகுத்தால் சுமார் 16 லட்சத்து 66 ஆயிரம் நெல்மணி. எண்ணிப் பார்க்க ஆள் இருந்தால் அனுப்புங்கள்.

பேட்டைக்காரன் எழுதியது:

அண்ணாச்சி, நம்ம பக்கம் இன்னும் கோட்டைக் கணக்கு பேசுகிறார்களே, ஒரு கோட்டை எத்தனை கிலோ? இணையத்தில் ஆளுக்கொரு எண் போட்டிருக்கிறார்கள்.

அம்பைநெல் எழுதியது:

ஆளுக்கொரு எண் வரத்தான் செய்யும், கோட்டை எடையே இல்லை. 21 மரக்கால் ஒரு கோட்டை, மரக்கால் அளந்து போடுவது. சன்ன நெல்லும் குண்டு நெல்லும் ஒரே மரக்காலில் ஒரே எடை நிற்காது, ஈரம் இருந்தால் இன்னும் வேறு. வியாபாரி ஒரு கிலோக் கணக்கை அவர் வசதிக்கு வைத்துக்கொள்வார். பேசுவதற்கு முன்னால் "உங்க கோட்டை எத்தனை கிலோ?" என்று கேட்டுவிட்டுத்தான் விலையைப் பேச வேண்டும். பலர் விலையை முதலில் பேசிவிடுகிறார்கள்.

சும்மாவந்தவன் எழுதியது:

அப்போ எண்ணெய்? செக்கில் கிலோ சொல்கிறார்கள், கடையில் லிட்டர் சொல்கிறார்கள். ரெண்டும் ஒன்றுதானே, தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ என்று படித்திருக்கிறேனே.

சாக்பீஸ் எழுதியது:

தண்ணீருக்கு மட்டும் தம்பி. அது தற்செயலும் இல்லை, 1795-ல் பிரான்சில் கிராமை உண்டாக்கியபோதே ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் எடை என்றுதான் வைத்தார்கள். எண்ணெய் தண்ணீரில் மிதக்கிறதே, அப்போதே தெரிய வேண்டாமா? பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், 1 லிட்டர் என்று போட்டுப் பக்கத்தில் 910 கிராம் என்று இருக்கும். ஒரு கிலோ எண்ணெய் கிட்டத்தட்ட 1.1 லிட்டர். செக்கில் கிலோ விலையும் கடையில் லிட்டர் விலையும் ஒன்றாக இருந்தால் செக்கில்தான் லாபம்.

கிலோவின் கதையையும் கேட்டுக்கொள்ளுங்கள், எனக்குப் பிடித்த கதை. தண்ணீரை நம்ப முடியாது என்று பிறகு பிளாட்டினமும் இரிடியமும் கலந்து ஓர் உருளை செய்தார்கள், உயரமும் விட்டமும் 39 மில்லிமீட்டர், நம் கட்டைவிரல் நீளம்கூட இராது. 1889-லிருந்து பாரிசுக்குப் பக்கத்தில் செவ்ரில் இருக்கிற அந்த உருளைதான் உலகத்துக்கே கிலோ. நம் நாட்டுப் பிரதி 57-ம் எண், டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. ஆனால் நூறு வருஷத்தில் உருளைக்கும் பிரதிகளுக்கும் 50 மைக்ரோகிராம் அளவுக்கு வித்தியாசம் வந்துவிட்டது. எது கூடியது எது குறைந்தது என்று சொல்லவும் முடியாது, ஏனென்றால் விதிப்படி அந்த உருளை எப்போதும் சரியாக ஒரு கிலோதான்! கடைசியில் 2019 மே 20-லிருந்து உருளையை விட்டுவிட்டு பிளாங்க் மாறிலி என்கிற இயற்கை எண்ணை வைத்துக் கிலோவை வரையறுத்துவிட்டார்கள். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் அன்றைக்கும் தக்காளி அதே எடைதான் நின்றது.

இன்னொன்று, அடிப்படை அலகுகளில் தலையில் 'கிலோ' என்கிற தொப்பியோடு பிறந்தது கிலோகிராம் மட்டும்தான். மீட்டர், நொடி எல்லாம் வெறுந்தலை. அதனால் மில்லி, மைக்ரோ என்கிற முன்னொட்டுகளைக் கிலோகிராமின் மேல் வைக்க மாட்டார்கள், கிராமின் மேல்தான் வைப்பார்கள்.

பணகுடிகாற்று எழுதியது:

மகேந்திரகிரி பக்கத்திலிருந்து ஒரு சந்தேகம். இஸ்ரோ வளாகத்தில் எஞ்சின் சோதனை செய்தி வரும்போதெல்லாம் "20 டன்" தள்ளுவிசை என்கிறார்களே, அந்த டன்னும் மண்டி டன்னும் ஒன்றா?

சாக்பீஸ் எழுதியது:

அது விசை. 20 டன் பொருளைப் பூமியில் தாங்கிப் பிடிக்க எவ்வளவு விசை வேண்டுமோ அவ்வளவு என்று பொருள், கிலோநியூட்டனில் சுமார் 196. நிறை என்பது இடம் மாறினாலும் மாறாது. சந்திரயான்-3-இல் போன ரோவர் 26 கிலோ, நிலாவிலும் 26 கிலோதான். சுருள்வில் தராசைக் கொண்டுபோனால்தான் நாலு கிலோ சொச்சம் காட்டும். பையனுக்கு இதை இப்போது சொல்ல வேண்டாம், சுழியே இன்னும் உட்காரவில்லை.

ஆச்சிவீட்டுமுற்றம் எழுதியது:

நேற்று ஞாயிற்றுக்கிழமை. தெரிந்த கருப்பட்டிக் கடையில் கூட்டம் இல்லாத மத்தியானமாகப் பார்த்து அவனைக் கூட்டிப்போனேன். அந்த அண்ணாச்சி நல்ல மனுஷர், தராசை விட்டுக்கொடுத்துவிட்டார். முதலில் ஒரே ஒரு ஏலக்காயைப் போட்டான், அசையவில்லை, 0.000. பத்து போட்டான், 0.002 என்று ஒளிர்ந்தது. "அம்மா, ரெண்டு நாற்காலி காலி" என்றான், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் கருப்பட்டியை ஒவ்வொன்றாக அடுக்கி 0.998 வரை கொண்டுபோய், இனி ஒரு சில்லு போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு "மூணு நாற்காலியும் காலியாகி எல்லாரும் சேர்ந்து ஒரு கிலோ ஆகிடுவாங்க" என்றான். சில்லைப் போட்டதும் 1.003 காட்டியது, துள்ளிவிட்டான்.

கடைக்கார அண்ணாச்சியும் தன் பங்குக்கு ஒன்று கேட்டார், "அரைக்கால் கிலோன்னா எவ்வளவு தெரியுமாடே?" என்று. அவனுக்குத் தெரியவில்லை, எனக்கும்தான். எட்டில் ஒன்று, 125 கிராம். மாகாணி பதினாறில் ஒன்று, 62.5 கிராம். மா இருபதில் ஒன்று, 50 கிராம். எல்லாம் அவர் தாத்தா சொல்லித்தந்ததாம். திரும்பி வரும்போது அதையே பாட்டாகப் பாடிக்கொண்டு வந்தான்.

இன்றைக்கு அடுத்த பக்கம், நீளம். 3 கிலோமீட்டர் 75 மீட்டர், யாரையும் கேட்காமல் 3.075 என்று எழுதிவிட்டான்! உங்களுக்கெல்லாம் நன்றி சொல்லத்தான் வந்தேன், ஆனால் அதற்குக் கீழேயே 3 மீட்டர் 75 சென்டிமீட்டர் என்று இருந்தது, அதற்கும் 3.075 என்று எழுதி வைத்திருக்கிறான்.

சாக்பீஸ் எழுதியது:

எதிர்பார்த்தேன். நீங்கள் திருத்தாதீர்கள். வீட்டில் டேப் இருக்கிறதா?

ஆச்சிவீட்டுமுற்றம் எழுதியது:

இருக்கிறது சார். வாசல் கதவை அளந்துகொண்டிருக்கிறான். 2 மீட்டர் 10 சென்டிமீட்டர் என்று கத்துகிறான், "அம்மா, இதுக்கு எத்தனை நாற்காலி?" என்று கேட்டுவிட்டு அவனே டேப்பில் நூறு எங்கே முடிகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறான்.